நோம்பிப் பாட்டை நாலு குரலுக்குப் பிரிப்பது: முதல்முறை இறங்குபவர்களுக்கு

போன பொங்கலுக்கு எங்கள் குழுவில் 22 பேர் சேர்ந்து ஒரு பூப்பறிக்கற நோம்பிக் கும்மியையும் (நோம்பி என்றால் பண்டிகை; இது எங்கள் கொங்குப் பக்கம் பொங்கலையொட்டிப் பெண்கள் பூப்பறிக்கப் போவது) ஒரு தாலாட்டையும் நாலு குரலில் பாடினோம். மேடையில் நின்றது மொத்தம் 9 நிமிடம். அதற்கு 5 மாதம் அலைந்தேன், அதில் 3 மாதம் சுத்த வீண். வேலையைத் தலைகீழாகச் செய்ததுதான் காரணம். முதலில் உட்கார்ந்து சுரம் எழுதினேன், அப்புறம் பாட்டு யாருடையது என்று விசாரித்தேன், கடைசியில்தான் பாடிக் கொடுத்த ஆயாவிடமே (பாட்டியம்மா) போய் "இது சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டேன். அவர் சொன்ன ஒரு வார்த்தையில் 14 பக்கம் குப்பைக்குப் போனது. அந்தக் கதை 5ஆம் படியில் வரும்.

நான் இசை படித்தவன் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச் க்வயரில் டெனர் (ஆண்களின் மேல் குரல்), அவ்வளவுதான். உங்களுக்கும் அந்த அளவு பழக்கம் இருந்து, பாடத் தயாராக 15, 20 பேர் இருந்தால் போதும். தொடங்குவதற்கு முன் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் உருவாக்கிய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு (மெட்ராஸ் யூத் க்வயர்) பாடியவற்றை ஒருமுறை கேட்டுவிடுங்கள். நம் மொழிப் பாட்டைப் பல குரலில் பாடினால் எப்படி இருக்கும் என்று காதுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

1. எந்தப் பாட்டு

கும்மி, நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு மூன்றும் இதற்கென்றே பிறந்த மாதிரி இருக்கும். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் அமைப்பு அதில் ஏற்கெனவே இருக்கிறது. தாலாட்டு தனி ஆள் பாட்டுதான், ஆனாலும் 'ஆராரோ' வரும் இடங்களில் மற்ற குரல்களை உள்ளே விடலாம். மெட்டு ச-விலிருந்து அதே ஸ்தாயித் த-வுக்குள் அடங்குகிற பாட்டாகப் பாருங்கள், பழகாத குரல்களுக்கு அதுவே தாராளம்.

முதல்முறை தொடவே வேண்டாதவை சில. ஒப்பாரியைச் சாவு வீட்டுக்கு வெளியே பாடச் சொன்னால் பெரியவர்கள் முகம் மாறிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை பொழுதோட (சாயங்காலம்) ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) உட்கார்ந்துகொண்டு அதைப் பாடச் சொல்லிக் கேட்டு நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அண்ணன்மார் கதையில் (பொன்னர் சங்கர் கதை) அவர்கள் மாண்டு விழும் படுகளமும் வேண்டாம். உடுக்கைச் சத்தம் கேட்டாலே சாமி வந்து ஆடுகிற ஊரில் அதை பேஸ் (ஆண்களின் கீழ்க் குரல்), டெனர் என்று பிரித்து வைத்துக்கொண்டு நிற்பது சரிப்படாது. கல்யாணத்தில் சொல்லும் மங்கல வாழ்த்தும் அப்படித்தான், அதைச் சொல்வதற்கென்று உரிமைப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சில கும்மிப் பாட்டுகளில் அடிக்கு அடி ஒரு சாதியின் பெருமை வரும். எல்லா ஊர், எல்லா வீட்டு ஆட்களும் நிற்கிற குழுவில் அதைக் கொடுத்துவிட்டு, மூன்றாவது ஒத்திகையில் ஒருவர் பேசாமல் எழுந்து போன பிறகு வருத்தப்படுவதில் பயனில்லை. வரிகளை முழுக்க எழுதிப் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

2. பதிவு

செல்போனே போதும். ஆனால் போகிற நேரம் முக்கியம். காலையிலும் சாயங்காலமும் கறவை, பால் சொசைட்டி என்று வீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். மதியம் 2 மணியிலிருந்து 4 மணிக்குள் போங்கள். கோபி, நம்பியூர் பக்கமென்றால் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்ட புதிதில் போகாதீர்கள், நடவுக்குப் போய்விடுவார்கள். ஆடி மாதம் தோது.

ஆயாவைத் தனியாக உட்காரவைத்து மைக்கை நீட்டினால் பாட்டு வராது, வெட்கம்தான் வரும். அவர் வயதுக்காரர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக்கொடுப்பார், பத்து நிமிடத்தில் மூவரும் ஒட்டுக்காப் பாட ஆரம்பித்துவிடுவார்கள். ஃபேன், டிவி, மோட்டார் மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். கோழியை ஒன்றும் செய்ய முடியாது.

மூன்று தரம் பதிவு செய்யுங்கள்: அவர் இஷ்டத்துக்கு ஒன்று, வரிகளைப் பாடாமல் பேச்சாகச் சொல்லி ஒன்று, எழுந்து நின்று கை தட்டி அடி வைத்து ஒன்று. மூன்றாவதை நான் எடுக்கவில்லை, 14 பக்கம் போனது அதனால்தான். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பாடுபவர் பெயர், ஊர், தேதி, யாரிடம் கற்றுக்கொண்டார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள், பிற்பாடு அதுதான் ஆதாரம். ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் தரம் போய்விடும்.

3. பாட்டு யாருடையது

"நாட்டுப்புறப் பாட்டுதானே, யாருக்குச் சொந்தம்?" என்பார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் எப்போதும் இல்லை. நம் பக்கம் வள்ளி கும்மி (வள்ளி, முருகன் கதையைப் பாடி ஆடும் கும்மி) ஆசிரியர்கள் பலர் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறவர்கள், அது நாலு ஊர் பரவி நாலு வருடத்தில் 'பழைய பாட்டு' ஆகிவிடும். ஆயா சின்ன வயதில் ரேடியோவில் கேட்ட சினிமாப் பாட்டும் அவர் வாயில் நோம்பிப் பாட்டாக மாறியிருக்கலாம். எழுதியவர் யாரென்று தெரிந்தால் அவர் உயிரோடு இருக்கும்வரையும், இறந்த பிறகு 60 வருடமும் பதிப்புரிமை உண்டு. பார்ட்ஸ் பிரித்து (குரல் குரலாக) எழுதுவது சட்டத்தின் கண்ணில் தழுவல், அதனால் அவரிடமோ வாரிசிடமோ எழுத்து மூலம் அனுமதி வாங்கவேண்டும்.

எப்படிச் சரிபார்ப்பது? ஒரே பாட்டை இரண்டு மூன்று ஊரில் கேளுங்கள். காங்கேயம் பக்கம் ஒரு மாதிரியும் கொடுமுடி பக்கம் வேறு மாதிரியும் வரிகள் இருந்தால் பெரும்பாலும் வாய்வழிப் பாட்டுதான். எல்லா ஊரிலும் அச்சு மாறாமல் ஒரே வரி, அதுவும் கடைசி அடியில் யாரோ ஒருவர் பெயர் முத்திரை மாதிரி வந்தால் உஷார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒரு வாரம் அதில் தேடுங்கள்.

டிக்கெட் இல்லாமல் அமெச்சூர் குழு பாடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் அது பாடுவதற்குத்தான். அச்சடித்து விற்பதற்கும் இணையத்தில் ஏற்றுவதற்கும் அதை நம்பி இறங்காதீர்கள்.

4. காகிதம்

பாட்டு யாருடையதாக இல்லாவிட்டாலும் அதைப் பாடிய குரல் ஆயாவுடையது. பாடியவருக்கென்று கலைஞர் உரிமை தனியாக 50 வருடம் உண்டு. அதனால் ஒரு ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். எங்கள் கடிதம் இப்படி இருந்தது:

"நான் பாடிய பூப்பறிக்கற நோம்பிப் பாட்டை இன்ன தேதியில் செல்போனில் பதிவு செய்தார்கள். அந்தப் பாட்டைக் குழுவாகப் பாட எழுதிக்கொள்ளவும், என் குரல் பதிவை நிகழ்ச்சியிலும் யூட்யூபிலும் 2 நிமிடம்வரை போடவும் சம்மதிக்கிறேன். என் பெயரையும் ஊரையும் சொல்லவேண்டும். வேறு எதற்காவது பயன்படுத்தினால் மறுபடி கேட்கவேண்டும்."

கீழே கையெழுத்து அல்லது கைநாட்டு, வீட்டு ஆள் ஒருவரும் வெளியாள் ஒருவரும் சாட்சி. கைநாட்டு என்றால் முழுதும் வாசித்துக் காட்டியதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவரிடமே கொடுத்துவிடுங்கள். எந்தக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டாலும் பூமிப் பத்திரமோ என்று பயப்படுகிற வீடுகள் உண்டு. அதனால் மகனோ மருமகளோ வீட்டில் இருக்கும்போது போங்கள். நான் முதல் தடவை யாரும் இல்லாத நேரத்தில் போய், "எம்பையன் வரட்டுஞ் சாமி" என்று ஆயா சொல்ல, மறுபடி 60 கிலோமீட்டர் போனேன்.

5. சுருதியும் தாளமும்

ஆயாக்கள் 5 கட்டையில் (ஆர்மோனியத்துச் சுருதி அளவு) தொடங்கினால் முடியும்போது ஐந்தரையில் நிற்பார்கள், உற்சாகம்தான் காரணம். எந்த இடத்துச் சுருதியை எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். குழுவுக்கு எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். ச-விலிருந்து த வரை போகும் மெட்டுக்கு 2 கட்டையோ 3 கட்டையோ வைத்தால் பெண்கள் அவர்கள் இடத்திலும் ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழேயும் சௌகரியமாகப் பாடலாம்.

தாளத்தில்தான் நான் விழுந்தேன். முதல் எழுத்து முதல் தட்டு என்று நினைத்து, மூன்று மூன்றாக எண்ணி, ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரே கனம் கொடுத்து வால்ட்ஸ் மாதிரி எழுதிவிட்டேன். கம்ப்யூட்டரில் போட்டால் நன்றாகத்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் ஆயாவுக்குப் போட்டுக் காட்டினேன். எழுந்து நின்று முந்தானையைச் செருகிக்கொண்டு இரண்டு தரம் காலை எடுத்தார், வைக்கவில்லை. "பாட்டு நல்லாத்தான் இருக்குது சாமி, காலெங்க வெக்கறது?" என்றார்.

அப்புறம் அவரே கை தட்டிப் பாடிக் காட்டினார். முதல் இரண்டு எழுத்து தட்டுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது, மூன்றாவது எழுத்தில்தான் கையும் காலும் விழுகிறது. எண்ணிக்கையும் ஆறு, அதில் மூன்றுக்கு ஒரு அடி, முதல் அடி அழுத்தம், இரண்டாவது இலேசு. அதாவது 6/8, அதுவும் தட்டுக்கு முன் எடுப்பு. நான் எழுதியதில் எல்லா அழுத்தமும் இரண்டு எழுத்து தள்ளி விழுந்திருந்தது. நீங்கள் சுரம் எழுதும் முன் கை தட்டும் பதிவை ஓடவிட்டு, வெறும் வரிகளின் மேல் தட்டு விழும் எழுத்துக்களுக்குப் பென்சிலால் புள்ளி வையுங்கள். அரை மணி நேர வேலை. அந்தத் தாளைப் பாடியவரிடம் காட்டி, உங்கள் குரலிலேயே பாடி, அவர் அடி வைக்க முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

6. பார்ட்ஸ் பிரிப்பது

சர்ச் பழக்கத்தில் வருகிற முதல் தப்பு, மெட்டுக்கு அடியில் வரி முழுக்க நிழல் மாதிரி மூன்றாம் சுரத்தை ஓட்டுவது. கேட்க இனிமையாகவே இருக்கும், ஆனால் நோம்பிப் பாட்டு ஞானப்பாட்டு ஆகிவிடும். இரண்டாவது தப்பு, எல்லாரையும் எல்லா நேரமும் பாடவைப்பது. எங்கள் கும்மியில் பாதி நேரம் ஒரே குரல்தான்.

எங்களுக்குக் கைகொடுத்தது இவை. பேஸ் ச-ப பிடித்துக்கொண்டு தம்பூரா மாதிரி நிற்பது. டெனர் 'தன்னானே தானே' என்று தாளத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பது. ஆல்டோ (பெண்களின் கீழ்க் குரல்) வரி முடியும் இடத்தில் மட்டும் பிரிந்து, அடுத்த வரியில் மறுபடி மெட்டோடு சேர்ந்துகொள்வது. பின்பாட்டு முடியும் முன்பே அடுத்த ஆள் எடுத்துவிடுவது, ஊரில் இயல்பாகவே அப்படித்தான் பாடுகிறார்கள்.

மெட்டில் ச ரி க ப த மட்டும் இருந்தால் யோகம். பக்கத்துப் பக்கத்துச் சுரம் அரைச்சுர நெருக்கத்தில் இடிக்காது என்பதால், ஒரு குழு பாடி 2 அடி கழித்து இன்னொரு குழு அதையே தொடங்கினாலும் பெரும்பாலும் பொருந்திவிடும், தனியாக ஒன்றும் எழுதவேண்டியதில்லை. மாறாக மெட்டில் சின்ன ரி-யும் பெரிய க-வும் வந்தால் ஆங்கில முறைக் கார்டுகளை (பல சுரத்தை ஒன்றாக ஒலிப்பது) கிட்டேயே கொண்டுவராதீர்கள். ச-ப பிடிப்பும் ஒற்றைக் குரலும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தாலாட்டு அப்படிப்பட்டது, அதில் நான்கு தடவை கார்டு மாற்றிப் பார்த்து நான்கையும் அழித்தேன். க-விலிருந்து ரி-க்கு ஆயா இழைத்து இறங்கும் வளைவு எந்தக் கோட்டிலும் உட்காராது. அந்த வரியை ஒரே ஒரு பெண் குரலுக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்களை 'ம்' என்று முனகவிட்டோம்.

7. சுரத்துக்கடியில் தமிழ்

மியூஸ்ஸ்கோர் என்ற சுரம் எழுதும் மென்பொருள் இலவசம், தமிழ் யூனிகோடு எடுக்கும். கண்ட்ரோல் எல் அழுத்தி வரி எழுதத் தொடங்கி, சொல்லுக்கு நடுவில் ஹைஃபன், சொல் முடிந்தால் ஸ்பேஸ். வரும் ஒரே பிரச்சினை எழுத்துரு, கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று மாற்றுங்கள். டிடிபி கடையில் பாமினியில் (யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு) அடித்த வரியைக் கொண்டுவந்து ஒட்டினால் ஒன்றும் புரியாது, புதிதாகவே அடியுங்கள். குழுவுக்கு பிடிஎஃப் மட்டும் அனுப்புங்கள்.

புள்ளி எழுத்தை முன் எழுத்தோடு சேர்க்கவேண்டும். 'தங்-கம்' என்று பிரித்தால் பாடமுடியும், 'த-ங்கம்' என்று பிரித்தால் ஆளாளுக்கு ஒன்று பாடுவார்கள்.

இதைவிடப் பெரிய வம்பு குறிலை நீட்டுவது. பேஸுக்கு நீளச் சுரம் வேண்டுமே என்று 'கொடி'யில் 'கொ'வை 3 எண்ணிக்கை நிறுத்தினேன். முதல் ஒத்திகையில் பின்வரிசை முழுக்க 'பூங்கோடி, பூங்கோடி' என்று கோடியில் புரண்டார்கள். மலை மாலையாகும், பல் பாலாகும். நீட்டவேண்டுமென்றால் நெடில் வருகிற எழுத்திலோ ம், ன், ல் மாதிரி மெய்யிலோ நீட்டுங்கள். இரண்டும் இல்லையென்றால் சுரத்தைக் குறைத்து மிச்சத்தை மௌனமாக விடுங்கள்.

ஊர்ப் பேச்சைத் திருத்தாதீர்கள். 'வெக்கறது' என்று பாடியிருந்தால் அப்படியே எழுதுங்கள். 'வைப்பது' என்று மாற்றினால் அசையும் மாறும், தாளமும் தப்பும்.

8. ஒத்திகை, காலம்

ஆடியில் பதிவு, ஆவணியில் விசாரணையும் காகிதமும், புரட்டாசியில் எழுதுவது, தீபாவளி கழிந்து ஒத்திகை. அப்படியானால் பொங்கலுக்கு ஏறக்குறைய 10 வாரம் கிடைக்கும். தீபாவளிக்கு முன் ஒத்திகை வைக்காதீர்கள், பனியன் கம்பெனிக்காரர்கள் ஓவர்டைமில் இருப்பார்கள், நானும்தான். வாரம் ஒருநாள், ஞாயிறு 4 மணியிலிருந்து ஆறரை வரை, அதற்குமேல் தொண்டை தாங்காது. நிகழ்ச்சியைப் பொங்கலன்றே வைக்கவேண்டாம், பாதிப்பேர் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். நாங்கள் முந்தின ஞாயிற்றுக்கிழமை வைத்தோம்.

22 பேரில் நோட்டேஷன் தெரிந்தவர்கள் 6 பேர். மற்றவர்களுக்கு ஒவ்வொரு குரலுக்கும் ஒருவர் பாடி வாட்ஸ்அப்பில் போட்டோம். மியூஸ்ஸ்கோர் சத்தத்தை அனுப்பாதீர்கள், அதைக் கேட்டுப் பழகியவர்கள் பியானோ மாதிரி விறைப்பாகப் பாடுவார்கள், வளைவு வராது. நாலாவது வாரம் ஒரு கும்மி ஆசிரியரைக் கூப்பிட்டு, எல்லாரையும் அடிவைக்கச் சொல்லிக்கொண்டே பாடவைத்தோம். மூன்று வாரமாக ஓடாத வேகம் அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் வந்தது. தை பிறந்துவிட்டால் கோயில் விசேஷம், அரங்கேற்றம் என்று அவர்களைப் பிடிக்கமுடியாது, முன்பே தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தப்பட்டை வைத்தால் ஒரு விஷயம். தோல் தப்பட்டையைத் தீயில் காய்ச்சினால்தான் சத்தம் எழும், ஹாலுக்குள் அது முடியாது. வெளியே காய்ச்சிக்கொண்டு வர இடமும் ஓலையோ காகிதமோ ஏற்பாடு செய்யுங்கள், நம் பாட்டு வருவதற்கு 10 நிமிடம் முன்னால் காய்ச்சினால் சரியாக இருக்கும். ஏசி ஹால் என்றால் ஃபைபர் தப்பட்டை கேளுங்கள்.

திறந்தவெளி நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கி அனுமதியைப் போலீஸ் ஸ்டேஷனில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வாங்கவேண்டும். இரவு 10 மணிக்குமேல் காலை 6 வரை பொதுவாகக் கிடையாது.

9. செலவு

எங்களுக்கு ஆனதைச் சொல்கிறேன். பதிவுக்குப் போய்வந்த பெட்ரோல், மூன்று ஆயாக்களுக்கும் சேலை, வெற்றிலை பாக்கு எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய் (பணமாகக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள், சேலை என்றால் மறுக்கமாட்டார்கள்). கும்மி ஆசிரியர் 3 தடவை வந்ததற்கு 4,500. தப்பட்டைக்கு 2 பேர், 5,000. மைக் செட் 6,000. ஆளுக்கு 6 பக்கம் ஜெராக்ஸ் 264. பதிப்புரிமைப் பதிவு 2 பாட்டுக்கு 1,000. ஒத்திகை இடம் தெரிந்தவர் தயவில் இலவசம். மொத்தம் 20,164, ஆளுக்கு 900 சொச்சம். முதல் ஒத்திகையிலேயே வசூலித்துவிடுங்கள், நிகழ்ச்சி முடிந்து கேட்டால் ஒருத்தரும் கண்ணில் படமாட்டார்கள்.

10. மேடைக்குப் பிறகு

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை, எழுதியவுடனேயே உங்கள் ஏற்பாட்டுக்கு உரிமை வந்துவிடுகிறது. தகராறு வந்தால் கையில் ஒரு ஆதாரம் இருக்கட்டும் என்று நாங்கள் செய்தோம். காப்பிரைட் அலுவலகத் தளத்தில் படிவம் 14, இசைப் படைப்புக்கு ஒன்றுக்கு 500 ரூபாய். ஒலிப்பதிவாகப் பதிந்தால் 2,000, எங்களுக்கு அது தேவைப்படவில்லை. டைரி எண் (விண்ணப்ப எண்) வந்ததும் ஆட்சேபத்துக்கு 30 நாள் காத்திருப்பு, அதற்குப் பிறகுதான் ஆய்வு. விண்ணப்பத்தில் 'மரபு மெட்டு, நாலு குரல் ஏற்பாடு மட்டும் என்னுடையது' என்று எழுதுங்கள். மெட்டையே உங்கள் பெயரில் கேட்கவேண்டாம், அது நியாயமும் இல்லை.

வேறு குழு உங்கள் தாளைக் கேட்டால் எழுதிக் கொடுங்கள், எத்தனை வருடம், எந்த ஊர் என்பதையும் போட்டு. காலம் எழுதாவிட்டால் 5 வருடம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா முழுக்க என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

யூட்யூபில் ஏற்றிய மூன்றாம் நாள் ஒரு ஆடியோ கம்பெனி எங்கள் கும்மி தங்களுடையது என்று க்ளெய்ம் போட்டது. பதற்றப்பட்டு வீடியோவை எடுத்துவிடாதீர்கள். டிஸ்ப்யூட் போட்டு, மரபுப் பாட்டு, குரல்கள் எங்களுடையவை என்று இரண்டு வரி எழுதினால் போதும். அவர்கள் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். எங்களுக்கு 12ஆம் நாள் நீங்கியது. ஆயாவின் பதிவும் கடிதமும் கையில் இருந்ததால் அந்த 12 நாளும் தூக்கம் கெடவில்லை.

ஆயாவுக்கு லிங்க் அனுப்பிப் பிரயோஜனமில்லை, பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டுபோய் அவர் வீட்டு டிவியில் சொருகிக் காட்டினோம். முழுக்கப் பார்த்துவிட்டு, மூன்றாவது அடியில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்றார். அடுத்த ஆடிக்கு மறுபடி போகவேண்டும்.